கறவை மாடுகளின் மடி நோயை அளந்தறிய வேண்டிய அவசியம்

தமிழ்நாட்டுக் கிராமங்களிலுள்ள பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களில் காலையும் மாலையும் பால் அளக்கப்படுகிறது. எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய திடப்பொருள் எவ்வளவு என மூன்று கணக்குகள் குடியானவரின் சீட்டில் ஏறுகின்றன. விலை நிர்ணயமாவதும் அவற்றைக் கொண்டே. அந்தப் பாலைச் சுரந்த மடி நலமாயிருக்கிறதா என்ற நாலாவது கணக்கைப் பெரும்பாலான சங்கங்கள் எடுப்பதில்லை, மாட்டுக்குடையவரும் எடுப்பதில்லை. மடி வீங்கிச் சிவந்து, மாடு காலை உதறி, பாலில் திரி விழத் தொடங்கிய பிறகே கால்நடை வைத்தியருக்கு ஆள் அனுப்பப்படுகிறது. நோய் மடியில் புகுந்து அதற்குள் பல வாரங்கள் கழிந்திருத்தலும் கூடும். இந்த நாலாவது கணக்கு எடுக்கப்படாமையால் நேரும் நஷ்டம் பெரிது என்பதும், அதனை எடுத்தல் கடினமன்று என்பதும் நிலமும் மாடும் உடையவர்கள் மட்டுமன்றிக் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருக்கத் தக்கவை.

மடி நோய் இருவகைத்து. கண்ணுக்குத் தெரிவது ஒன்று; தெரியாதது மற்றொன்று. தெரிவதனை அறியப் பழைய முறையே போதும். கறப்பதற்கு முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுக்களை, வாயில் கறுப்புத் துணி கட்டிய ஒரு கிண்ணத்திற் பீச்சினால், திரியும் கட்டியும் துணியின்மேல் தங்கிவிடும். இதற்குக் காசு செலவில்லை. ஆயினும் செய்வோர் அரியர். தெரியாத வகையிலோ மடி வீங்காது. மாடு தீனியை வெறுக்காது. பாலின் நிறமும் மாறாது. பால் மட்டும் சிறிது சிறிதாகக் குறையும். உடையவர் தீவனத்தையோ, வெயிலையோ, மாட்டின் வயதையோ, சில சமயம் கண்ணேற்றையோ காரணமாகச் சொல்லி அமைந்துவிடுவார். இந்தியாவிற் பல இடங்களில் நடந்த ஆய்வுகள், இந்த மறைந்த வகையே வெளிப்பட்ட வகையினும் பன்மடங்கு மிகுதியென்று காட்டியுள்ளன. ஆகவே கண்ணால் மட்டும் நோயை எண்ணுபவர் சிறு பகுதியை எண்ணிப் பெரும் பகுதியை விட்டுவிடுகிறார்.

மறைந்த நோயை அறிவதற்குப் பாலிலுள்ள அணுக்களே சாட்சி. நல்ல மடியிலிருந்து வரும் பாலிலும் உடலணுக்கள் சில உண்டு. ஒரு மில்லி லிட்டருக்கு அவை ஒரு இலட்சத்திற்குட்பட்டிருப்பது வழக்கம். காம்பின் துவாரம் வழியாக நோய்க் கிருமிகள் உட்புகுந்ததும், அவற்றை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் மடியினுள் திரளுகின்றன. எண்ணிக்கை இரண்டு இலட்சத்தைத் தாண்டினால் அந்தக் காம்பில் நோய் இருப்பதாகவே பெரும்பாலும் கொள்ளலாம்; கடுமையான நோயில் அது ஐம்பது இலட்சத்தையும் கடக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டு மந்தைகளில் நெடுங்காலம் வைத்த கணக்குகளின்படி, இரண்டாம் ஈற்றுக்கும் அதற்கு மேற்பட்டதுமான பசுக்களில் இவ்வெண்ணிக்கை இரட்டிக்குந்தோறும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 கிராம் பால் குறைகிறது. அந்நாட்டுப் பசுக்கள் மிகுதியாகக் கறப்பவையாதலால் அவ்வளவையே இந்நாட்டுப் பசுவுக்கும் கொள்ளலாகாது. எனினும் குறையும் போக்கு இங்கும் அதுவே; அந்தக் குறைவு வேறெந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை.

இதனினும் வருந்தத்தக்க ஒன்று உண்டு. சங்கத்தில் லாக்டோமீட்டர் குறைவாகக் காட்டினால், பாலில் தண்ணீர் கலந்ததாகக் குடியானவர்மீது பழி விழுகிறது. கலப்போர் இல்லாமலில்லை, ஆயினும் கலவாதவரும் இப்பழிக்கு ஆளாவதுண்டு என்பதை மறத்தல் ஆகாது. கொழுப்பு நீங்கிய திடப்பொருளில் பாதிக்குமேல் பாற்சர்க்கரையே. மடி நோயுற்றால் பாற்சர்க்கரை ஊறுவது குறைந்து, அதற்கீடாக இரத்தத்திலிருந்து உப்புக்கள் கசிந்து பாலிற் கலக்கின்றன. நோயுற்ற காம்பின் பால் சிறிது கரிப்பது இதனாலேயே. நீங்கிய சர்க்கரையின் எடை அதிகம். வந்த உப்பின் எடை குறைவு. ஆகவே திடப்பொருட் கணக்கு இறங்குகிறது. இறக்கம் சிறிதளவே, ஆனால் பசும்பாலுக்குச் சட்டம் விதித்துள்ள 8.3 சதவீதத்தை ஒட்டி நிற்கும் பாலுக்கு அச்சிறிதளவே எல்லையைத் தவறச் செய்யப் போதுமானது. தீவனக் குறைவாலும் இவ்வாறு நேரும். உள்ளபடி தண்ணீர் கலந்ததா என்பதை அறிவிப்பது பால் உறையும் வெப்பநிலை. நல்ல பால் சுழியத்திற்கு ஏறக்குறைய அரைப் பாகை கீழே உறையும். நோயுற்ற மடியின் பாலும், உப்பு சர்க்கரைக்கு ஈடு கட்டுவதால், பெரும்பாலும் அங்ஙனமே உறையும். தண்ணீர் கலந்த பால் மட்டும் சுழியத்தை நெருங்கி உறையும். இக்கருவி பெரிய பால் பண்ணைகளில் உண்டு. கிராமச் சங்கத்தில் இராது. அதனால் தகராறு ஊர்ப் பெரியவர்களிடமும் சங்கத் தலைவரிடமும் வந்து நிற்கிறது. தண்ணீரைக் கலந்தவன் என்று ஒருவனைச் சபையில் நிறுத்துமுன், அவனுடைய மாட்டின் மடியைச் சோதிப்பதே நியாயம். அச்சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

அச்சோதனை வருமாறு. 1939ஆம் ஆண்டில் ஒயிட்சைட் என்பவர், நோயுற்ற பாலில் காஸ்டிக் சோடாக் கரைசலைக் கலந்தால் பால் இழுபட்டுத் திரிதிரியாகிறதென்று எழுதினார். 1957ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாகச் சலவைச் சரக்கைச் சேர்ந்ததொரு கரைசலையும், அதனோடு நிறங்காட்டும் ஒரு மருந்தையும் சேர்த்து மாட்டுக் கொட்டகையிலேயே செய்யத்தக்க முறையை அமைத்தனர். இதுவே இன்று உலகெங்கும் சி.எம்.டி. என்று வழங்குவது. நான்கு குழிகளுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டும், ஒரு புட்டி மருந்துமே இதற்குரிய சாமான்கள். காம்புகளைக் கழுவித் துடைத்து, முதற் பீச்சுக்களை நீக்கியபின், ஒவ்வொரு காம்பின் பாலையும் அதற்குரிய குழியிற் சிறிது பீச்சித் தட்டைச் சாய்த்து, இரண்டு மூன்று மில்லி லிட்டர் மட்டும் நிற்கவிட்டு, அதே அளவு மருந்தை ஊற்றி, தட்டை வட்டமாக ஆட்டவேண்டும். சலவைச் சரக்கு அணுக்களை உடைக்கிறது. அணுக்களின் கருவிலுள்ள நார்போன்ற பொருள் வெளிப்பட்டுப் பாலைக் கொழகொழப்பாக்குகிறது. அணு மிகுந்தால் கொழகொழப்பும் மிகும். பத்து முதல் இருபது வினாடிக்குள் பார்த்துவிடுதல் வேண்டும். தாமதித்தால் இலேசான மாறுதல் கலைந்து போகும்.

பால் தண்ணீர்போல் ஓடினால் நலம். சற்றே மந்தமாகித் தட்டை ஆட்ட ஆட்ட மறைந்தால் சந்தேகம். மறையாமல் தடித்தால் ஒன்று. கூழ்போல் ஆகி ஆட்டும்போது நடுவே கூடினால் இரண்டு. முட்டையின் வெண்கருபோல் திரண்டு குழியின் நடுவே மேடிட்டு நின்றால் மூன்று. இந்த எண்களைக் குறித்தலே அளத்தல். ஆறு பசு வைத்திருப்பவருக்கு இருபத்துநாலு குழி. ஒருமுறைக்கு நூறு மில்லி லிட்டர் மருந்துகூடச் செலவாகாது. மருந்து அகப்படாத இடத்தில், பாகிஸ்தானில் பைசலாபாத்துக் கால்நடை வைத்தியர்கள் பரவச் செய்ததுபோல், துணி வெளுக்கும் தூளை நூறு பங்கு நீருக்கு மூன்று பங்கு கரைத்தும் சோதிக்கலாம். நிறங்காட்டும் குணம் அதில் இல்லை. மற்றபடி வேலை நடக்கும். எருமைக்கும் இது பொருந்தும். சீம்பால் சுரக்கும் முதல் வாரத்திலும், பால் வற்றும் தறுவாயிலும் நோயின்றியே தடிப்புக் காணுமாதலால் அக்காலங்களில் சோதித்து ஏமாறலாகாது. அக்காலத்தில் நான்கு காம்பும் ஒன்றுபோல் தடிக்கும். நோயிலோ ஒரு காம்பு மற்றவற்றினின்று வேறுபடும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். மடி நலத்தை அளக்க வேண்டுமென்றதும், சங்கத்தில் வந்து சேரும் பாலைச் சோதித்தால் போதாதோ என்று கேட்பவர் பலர். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு நான்கு இலட்சத்திற்கு மேல் அணுவுள்ள பசும்பாலும், அமெரிக்காவில் ஏழரை இலட்சத்திற்கு மேற்பட்டதும் ஏற்கப்படுவதில்லை என்பதை இவர்கள் எடுத்துக் காட்டுவர். அவ்வெல்லைகள் பண்ணையின் மொத்தப் பாலுக்கு உரியவை. வாங்குபவரைக் காக்க ஏற்பட்டவை. மாட்டைக் குணப்படுத்த அவை உதவா. ஒரு பசுவின் ஒரு காம்பில் இருபது இலட்சமும் மற்ற மூன்றில் ஒவ்வொரு இலட்சமும் இருப்பதாகவும், நான்கும் சம அளவு கறப்பதாகவும் கொள்க. அந்தப் பசுவின் பால் முழுதும் சேர்ந்தால் ஐந்தே முக்கால் இலட்சம். அதே அளவு கறக்கும் நலமுள்ள மூன்று பசுக்களின் பாலோடு கலந்தால் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். ஊர்ப்பால் முழுவதோடும் கலந்தாலோ இருந்த இடம் தெரியாது. நோயுற்ற காம்பு ஒன்று அங்கேயே இருக்கிறது. கணக்கில் மட்டும் கரைந்து போயிற்று. ஆகவே சங்கத்துக் கணக்கு ஊரின் பொது நிலையை ஒருவாறு காட்டும். எந்த வீட்டில், எந்த மாட்டில், எந்தக் காம்பில் என்பதைக் கொட்டகையில் காம்பு காம்பாகச் சோதித்தால்தான் அறியலாம்.

ஒருமுறை சோதித்து விட்டுவிடுவதும் அரைகுறை வேலையே. மேற்சொன்ன ஆறு பசுக்களையுடைய வீட்டில் தை மாதம் இருபத்துநாலு காம்புகளில் ஏழு தடித்ததாக வைத்துக்கொள்வோர், மாசியிலும் ஏழே தடித்தால், நிலை மாறவில்லை என்று எண்ணுவர். எந்த ஏழு என்று பார்க்குமளவும் அது தெரியாது. தையில் தடித்த அதே ஏழு காம்புகளே மாசியிலும் தடித்தனவாயின், நோய் பழையது, மடியினுள் வேரூன்றியது. அங்கே புதிதாகப் பரவவில்லை. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி மடியின் சதைக்குள் சிறு சீழ்க்கட்டிகளாகப் பதுங்கி மருந்துக்கு எட்டாமல் நிற்பதுண்டு. அத்தகைய மாட்டைக் கறவை நிறுத்தும் காலத்தில் வைத்தியம் செய்வதா, கழித்துவிடுவதா என்பதே அப்போது யோசிக்க வேண்டியது. தையில் தடித்த ஏழில் ஐந்து தெளிந்து, வேறு ஐந்து புதிதாகத் தடித்தனவாயின், மாடுகள் தாமே குணமடைகின்றன, ஆனால் யாரோ நோயை ஓயாமல் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது குற்றம் மாட்டினிடத்தில் இல்லை. கறப்பவர் கையிலும் கொட்டகைத் தரையிலும் இருக்கிறது. ஏழு என்னும் ஒரே எண்ணுக்கு இவ்விரு பொருளும் உண்டு. முதலாவதற்குச் செய்யும் பரிகாரம் இரண்டாவதற்கு வீண். மாதந்தோறும் காம்புவாரியாக எழுதிய குறிப்பு இல்லாதவர் இதனைப் பிரித்தறிய வழியில்லை. மருந்துக்கடைக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

கை என்றது வெறும் பேச்சன்று. பல ஊர்களில் ஒரே கறவையாள் நாலைந்து வீட்டு மாடுகளைக் கறக்கிறார். முதல் வீட்டில் நோயுற்ற காம்பைப் பிடித்த கை, கழுவப்படாமல் அடுத்த வீட்டின் நல்ல காம்பைப் பிடிக்கிறது. வாளித் தண்ணீர் ஒன்றிலேயே எல்லா மடியையும் நனைத்து, ஒரே துணியால் துடைப்பதும் அப்படியே. கட்டைவிரலை மடக்கி அதன் கணுவில் காம்பை அழுத்திக் கறக்கும் வழக்கம் காம்பின் உட்புறத்தைக் காயப்படுத்துகிறது. முழுக் கைப்பிடியாகக் கறத்தலே தக்கது. கறந்து முடிந்ததும் காம்புத் துவாரம் மூட அரைமணி முதல் ஒருமணி நேரம் செல்லும். அதற்குள் மாடு சாணத்திற் படுத்தால் கிருமிக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆதலால் கறந்தவுடன் காம்புகளை அயோடின் கரைசலில் தோய்த்து, தீவனம் வைத்து மாட்டை நிற்கச் செய்தல் நன்று. நோயில்லாத மாட்டை முதலிலும், உள்ளதைக் கடைசியிலும் கறக்க வேண்டும். எது முதல், எது கடைசி என்று சொல்வதற்கும் தட்டின் குறிப்பே வேண்டும்.

வைத்தியத்திலும் அதே குறிப்பு உதவுகிறது. ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, மருந்தின் சீட்டில் குறித்த காலம் முடியும்வரை சங்கத்தில் ஊற்றலாகாது. அந்த மருந்து பாலில் தங்கி, குழந்தைகள் வயிற்றில் சேர்வதோடு, தயிர் உறையவும் தடையாகும். மடி வீங்கவில்லை என்ற காரணத்தால் இதனை மறைத்து ஊற்றுவோர் செய்வது சிறு குற்றமன்று. சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியிற் பூசும் முறையைத் தமிழ்நாட்டுக் கால்நடை வைத்தியப் பேராசிரியர்களும் தேசியப் பால்வள வாரியமும் பரப்பி வருவது பலர் அறிந்ததே. எந்த மருந்தாயினும், பூச்சாயினும், அது பலித்ததா என்பதை வீக்கம் வடிந்ததைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. வீக்கம் வடிந்த பின்னும் நோய் மறைந்த வகையாகித் தங்குவது சாதாரணம். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே காம்பை அதே தட்டில் சோதித்து, பால் தெளிந்து ஓடினால்தான் குணம் என்று கொள்ளலாம்.

இவ்வளவு எளிதாயிருந்தும் இது பரவாமைக்குக் காரணம் செலவன்று, பயம். கணக்கெடுத்தால் சங்கம் பாலைத் திருப்பிவிடும், விலையைக் குறைக்கும், மாட்டுக்குக் கெட்ட பெயர் வந்து விற்பனை போய்விடும் என்று குடியானவர் அஞ்சுகிறார். அச்சம் காரணமற்றதன்று. முதலிலேயே அபராதம் விதிக்கத் தொடங்கும் சங்கத்தில் யாரும் உண்மையைக் காட்டமாட்டார். நோயுற்ற காம்பின் பாலை அண்டை வீட்டார் பாத்திரத்திலோ தனியார் வியாபாரியிடமோ ஊற்றிவிடுவர். ஆகையால் இரண்டு மூன்று வருஷத்துக்கேனும் இக்கணக்கை விலையோடு பிணைக்காமல், குடியானவரின் சொந்த உபயோகத்துக்கென்றே நடத்துவது உசிதம். ஒரு தட்டையும் ஒரு புட்டி மருந்தையும் சங்கத்தில் வைத்து வீடுவீடாக இரவல் கொடுத்தால் போதும். மாட்டின் காதிலுள்ள 12 இலக்க எண்ணின் எதிரே நான்கு கட்டங்கள் கிழித்த ஒரு ரிஜிஸ்தரைச் சங்கச் செயலாளர் வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கொருமுறை கால்நடை வைத்தியர் ஊருக்கு வரும்போது அதனை எடுத்துக் காட்டினால், வைத்தியரின் வேலை பாதி முடிந்ததுபோலாகும். எந்தக் கொட்டகைக்கு முதலில் போவதென்பதை அந்த ஏடே சொல்லும். சங்கத்துப் பாலின் பொதுக் கணக்கையும் அதனருகே எழுதி வந்தால், வீடுகளிற் செய்யும் முயற்சி ஊர்ப்பாலில் தெரிகிறதா என்பதும் வெளியாகும். விலையோடு பிணைப்பதானால், அபராதமாக அன்றி, நல்ல பாலுக்கு மேல் விலையாகத் தொடங்குவதே ஊரைப் பிரிக்காமல் நடக்கும் வழி.

மாட்டுச் சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். விற்கும் நாளில் மடி பெரிதாய்த் தோன்றும்பொருட்டு, முதல் நாளே கறவாமல் விட்டுச் சந்தைக்கு ஓட்டிவரும் வழக்கம் உண்டு. அது நோயற்ற மடியையும் கெடுக்கும். நோயுள்ள மடியையோ வாங்குபவருக்கு மறைத்துவிடும். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், தரகரின் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். நான்கு காம்பின் பாலைத் தட்டில் பீச்சிப் பார்ப்பவரைக் காணோம். சந்தை நடத்தும் பஞ்சாயத்துக்கள் சுங்கம் வசூலிக்கும் இடத்திற்கு அருகே ஒரு தட்டும் மருந்தும் வைத்து, கேட்பவருக்குச் சோதித்துக் கொடுக்க ஓர் ஆளை நிறுத்தலாம். வாங்குபவர் விலை பேசுமுன் சோதிக்கும்படி கேட்கவேண்டும். பேசி முடித்தபின் கேட்டால் விற்பவர் சம்மதியார்.